கல்லூரி மாற்றம்: கணக்கும் காகிதமும்

வெளிமாநிலத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், "ஊர்ப் பக்கமே படிக்கட்டும், தமிழும் வரும், தாத்தா பாட்டியும் பக்கத்தில் இருப்பார்கள்" என்று சொல்லித் தமிழ்நாட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியிலோ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ சேர்த்துவிடுகிறோம். முதல் வருஷக் கட்டணத்தை வருங்கால வைப்பு நிதியிலிருந்தும் நகைக்கடனிலிருந்தும் எப்படியோ புரட்டிவிடுகிறோம். இரண்டாம் வருஷக் கட்டணச் சீட்டு வரும்போதுதான் மூச்சு முட்டுகிறது. இடையில் குடும்பத் தலைவர் ஓய்வு பெற்றிருக்கலாம். வேலை பார்த்த ஆலை மூடியிருக்கலாம். வீட்டில் யாருக்காவது பெரிய அறுவை சிகிச்சை நடந்திருக்கலாம்.

அந்த நிலையில் பெரும்பாலான பெற்றோர் கடன்மேல் கடன் வாங்குகிறார்கள். சிலர் மனமுடைந்து பிள்ளையின் படிப்பையே நிறுத்திவிடுகிறார்கள். செலவு குறைந்த வேறொரு கல்லூரிக்குப் பிள்ளையை மாற்றலாம் என்ற மூன்றாவது வழி பலருக்குத் தோன்றுவதே இல்லை. தோன்றினாலும், "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற எண்ணம் வாயை அடைத்துவிடுகிறது. அந்த மூன்றாவது வழியை முறையாக எப்படிக் கையாள்வது என்பதே இந்தப் பாடம்.

1. முதலில் காரணத்தைத் தெளிவு செய்யுங்கள்

பணம் மட்டும்தான் காரணமா? பிள்ளைக்குப் பாடம் புரியவில்லை, விடுதி ஒத்துக்கொள்ளவில்லை, எடுத்த பிரிவு பிடிக்கவில்லை என்று வேறு காரணங்களும் கலந்திருக்கின்றனவா? பணம் மட்டும் என்றால், இருக்கும் கல்லூரியிலேயே முதலில் கேட்டுப் பாருங்கள். முதல்வருக்கு எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுத்துத் தவணை கேட்கலாம். மதிப்பெண் நன்றாக இருந்தால் கட்டணச் சலுகை உண்டா என்று விசாரிக்கலாம். விடுதியை விட்டு உறவினர் வீட்டிலிருந்து போய்வர முடியுமா என்று யோசிக்கலாம். பல இடங்களில் கல்விக் கட்டணத்துக்கு அடுத்தபடி குடும்பத்தை வாட்டுவது விடுதியும் மெஸ்ஸும்தான்.

படிப்பே பிடிக்கவில்லை என்றால் கல்லூரியை மாற்றிப் பயனில்லை, பாடத்தைத்தான் மாற்றவேண்டும். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் அடுத்த வருஷமும் இதே இடத்தில் வந்து நிற்போம்.

2. போன பணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

"ஏற்கெனவே நாலு லட்சம் கட்டியாகிவிட்டதே, அதை விட்டுவிட்டு வருவதா?" என்று கேட்காத பெற்றோர் இல்லை. இங்கேதான் கணக்கு தவறிப்போகிறது. கட்டிய பணம் கட்டியதுதான். பிள்ளை அங்கேயே இருந்தாலும் அது திரும்ப வராது. வெளியே வந்தாலும் திரும்ப வராது. இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் எண்ணை இரண்டு பக்கத்திலிருந்தும் அடித்துவிடலாம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். இனிமேல் ஆகப்போகும் செலவை மட்டும் ஒப்பிடவேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. நாக்பூரில் வசிக்கும் ஒரு குடும்பத்துப் பையன் தமிழ்நாட்டில் பொறியியல் முதலாண்டு முடித்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்காகப் போட்டவை. உங்கள் வீட்டு எண்களை அந்தந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போதைய கல்லூரியில் ஓராண்டுக்கு:
கல்விக் கட்டணம் ரூ.2,50,000
விடுதி, மெஸ் ரூ.1,20,000
புத்தகம், ஊருக்கு வந்துபோவது, கைச்செலவு ரூ.40,000
ஆக மொத்தம் ரூ.4,10,000
மீதி மூன்று ஆண்டுக்கு ரூ.12,30,000

வீட்டிலிருந்து போய்வரும் உள்ளூர்க் கல்லூரியில் ஓராண்டுக்கு:
கல்விக் கட்டணமும் பிற கட்டணங்களும் ரூ.1,10,000
பஸ், புத்தகம், சாப்பாடு ரூ.40,000
ஆக மொத்தம் ரூ.1,50,000

முதல் வாய்ப்பு, இரண்டாம் ஆண்டிலேயே உள்ளூரில் இடம் கிடைப்பது. அப்போது மூன்று ஆண்டுச் செலவு ரூ.4,50,000. மிச்சம் ரூ.7,80,000.

இரண்டாம் வாய்ப்பு, மறுபடியும் முதலாண்டிலிருந்தே தொடங்குவது. நான்கு ஆண்டுச் செலவு ரூ.6,00,000. மிச்சம் ரூ.6,30,000 என்று தோன்றும். ஆனால் ஒரு வருஷம் தள்ளிப்போகிறதே! மாதம் ரூ.25,000 சம்பளத்தில் வேலைக்குப் போவான் என்று வைத்தால் ஒரு வருஷச் சம்பளம் ரூ.3,00,000. அதைக் கழித்தால் உண்மையான மிச்சம் ரூ.3,30,000தான். அப்போதும் மிச்சம் மிச்சமே. ஆனால் பிள்ளையின் ஒரு வயதை அதற்கு விலையாகக் கொடுக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது.

3. கடன் வாங்கிச் சமாளித்தால்?

மேலே சொன்ன ரூ.7,80,000 வித்தியாசத்தை ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில், பத்து வருஷத் தவணையில் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய ரூ.10,300. பத்து வருஷத்தில் கட்டி முடிப்பது சுமார் ரூ.12,37,000. வட்டி மட்டுமே நாலரை லட்சத்தைத் தாண்டுகிறது. படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை இதில் சேர்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிள்ளையின் முதல் சம்பளத்தில் இந்தப் பத்தாயிரம் எத்தனை பங்கு என்று பாருங்கள். தங்கை கல்யாணமும் தாயின் மருத்துவமும் அந்த மீதியிலிருந்துதான் வரவேண்டும்.

கல்விக்கடனே கூடாது என்று சொல்லவில்லை. 2015-இல் வந்த கடன் உத்தரவாத நிதித் திட்டத்தின்கீழ் ரூ.7.5 லட்சம் வரை சொத்துப் பிணையில்லாமல் வங்கிகள் கடன் கொடுக்க வழி உண்டு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதம மந்திரி வித்யாலக்ஷ்மி திட்டம், பட்டியலில் உள்ள தரமான கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்கு உதவுகிறது. எனவே மாறப்போகும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ஏற்கெனவே கடன் வாங்கியிருந்தால், மாறுவதற்கு முன்பே வங்கி மேலாளரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். கடன் ஒப்புதல் குறிப்பிட்ட கல்லூரிக்கும் படிப்புக்கும் கொடுக்கப்பட்டது. சொல்லாமல் மாறினால் அடுத்த தவணைத் தொகை நின்றுபோகும். படிப்பை நிறுத்திவிட்டதாக வங்கி கருதினால் திருப்பிக் கட்டவேண்டிய காலமும் முன்னதாகவே தொடங்கிவிடலாம்.

4. எங்கே மாறலாம்?

மாறுவதில் எளிதான வகை, ஒரே பல்கலைக்கழகத்தின்கீழ் உள்ள ஓர் இணைப்புக் கல்லூரியிலிருந்து இன்னொரு இணைப்புக் கல்லூரிக்குப் போவது. பாடத்திட்டம் ஒன்று, தேர்வு ஒன்று, பட்டமும் ஒன்று. பட்டச் சான்றிதழைத் தருவது பல்கலைக்கழகம்தான் என்பதை நினைவில் வைத்தால், கட்டடம் பெரிதா சிறிதா என்ற கவலை பாதி குறையும்.

வேறு பல்கலைக்கழகத்துக்குப் போவது இதைவிடக் கடினம். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து அரசுப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிக்கு வருவதும் இந்த வகைதான். புதிய பல்கலைக்கழகம் இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும். விட்டுப்போன பாடங்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்து எழுதச் சொல்லும். பொதுவாக இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில், காலியிடம் இருந்தால், அரியர் இல்லாத மாணவர்களுக்கே இது கிடைக்கும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி மாறும் என்பதால், கல்லூரி அலுவலகத்தில் யாரோ வாயால் சொன்னதை நம்பாமல் பல்கலைக்கழகத்தின் எழுத்து விதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் கொண்டுவந்த கல்வி மதிப்பலகு வங்கி என்ற ஏற்பாடு இதற்குத் துணையாக இருக்கும். மாணவர் தேறிய பாடங்களின் கிரெடிட்டுகள் அவர் பெயரில் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் வரை கணக்கில் இருக்கும். ஆனால் வங்கியில் கிரெடிட் இருக்கிறது என்பதற்காக எந்தக் கல்லூரியும் இடம் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. ஏற்பதும் மறுப்பதும் சேர்க்கும் நிறுவனத்தின் விதிப்படிதான்.

பொறியியலை விட்டு அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்வதும் ஒரு வழி. கணிதத்தில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அது இறக்கமே ஆகாது. பட்டம் பெற்ற பிறகு பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வாய்ப்பும், பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரிகளுக்கு உண்டு. வீட்டில் அடுத்த பிள்ளை பத்தாம் வகுப்பில் இருந்தால் பாலிடெக்னிக்கையும் யோசியுங்கள். மூன்று வருஷப் பட்டயம் முடித்து நேரே பொறியியல் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். நானும் பட்டயம் படித்தே ரயில்வேயில் பொறியாளராக வேலை பார்த்தவன். அந்த வழியில் சோறும் உண்டு, மரியாதையும் உண்டு.

எங்கே சேர்த்தாலும் முன்னதாக மூன்றைச் சரிபாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா? பொறியியல் கல்லூரி என்றால் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் இந்த ஆண்டுக்கு இருக்கிறதா? அங்கே இறுதியாண்டு படிக்கும் நாலு மாணவர்கள் என்ன சொல்கிறார்கள்? விளம்பரத்தில் வரும் வேலைவாய்ப்புக் கணக்கைவிட அந்த நாலு பேரின் பேச்சு நம்பகமானது.

5. வெளிமாநிலத்தில் இருப்போர் கவனிக்க

நமக்கென்று சில சிக்கல்கள் உண்டு. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதி அல்லது பழங்குடி எனச் சான்று பெற்றவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அந்த மாநில இடஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுச் சான்றிதழை நம்பி இங்கே கட்டணச் சலுகைக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். மத்திய அரசு நிறுவனங்களில் அந்தச் சான்றிதழ் செல்லும்.

இங்கே மாநிலப் பிரிவில் இடம் வேண்டுமானால் இந்த மாநிலத்து இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். எத்தனை வருஷம் வசித்திருக்க வேண்டும், எந்த வகுப்புகளை இங்கே படித்திருக்க வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ரேஷன் அட்டை, வாடகைச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றைக் கட்டிப் பத்திரமாக வையுங்கள். மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கும் மாநிலங்களும் உண்டு; விசாரியுங்கள்.

தமிழ்நாட்டிலேயே செலவு குறைந்த கல்லூரியில் மறுபடி முதலாண்டு சேர்க்க நினைப்போருக்கு: அங்கே பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது; பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். வெளிமாநிலத்தில் பள்ளிப்படிப்பு முடித்த தமிழ்நாட்டுப் பூர்வீகக் குடும்பத்துப் பிள்ளைகள் பிறப்பிடச் சான்றிதழ் பெற்றுக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம்.

ரயில் செலவையும் குறைக்கலாம். நாக்பூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர். விடுமுறைக்குச் சொந்த ஊர் போகும் மாணவருக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 50 சதவீதச் சலுகை உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு 75 சதவீதம். மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டபோதும் மாணவர் சலுகை நீடித்தது. உள்ளூரில் ரயிலில் போய்வரும் பெண்பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டு இலவசம். கல்லூரி தரும் சான்றுப் படிவம் இருந்தால் போதும். எத்தனையோ பேர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

6. சரியான நேரம்

ரயில் ஓட்டுநருக்கு நிலையத்து வாசலில் இருக்கும் ஹோம் சிக்னலுக்கு வெகு முன்னாலேயே டிஸ்டண்ட் சிக்னல் வைத்திருப்போம். நிற்கவேண்டுமா, மெதுவாகப் போகவேண்டுமா என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் வண்டியைக் கட்டுப்படுத்த முடியும். கட்டணத்துக்கும் அதே கதைதான். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தின் கடைசித் தேதிக்கு நான்கு மாதம் முன்பே யோசிக்கத் தொடங்குங்கள். கட்டிவிட்டு விலகினால் பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

முதலாண்டில் சேர்ந்த உடனே விலகுவோருக்கு 2018-இல் மானியக் குழு ஒரு விதி வகுத்தது. சேர்க்கையின் அறிவிக்கப்பட்ட கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே சொன்னால், சிறு நிர்வாகப் பிடித்தம் போக முழுக் கட்டணம் திரும்பும். அதற்குப் பிறகு, கடைசித் தேதிக்குள் சொன்னால் 90 சதவீதம். கடைசித் தேதி கடந்து 15 நாளுக்குள் 80 சதவீதம், 30 நாளுக்குள் 50 சதவீதம், அதற்குமேல் எதுவும் இல்லை. சில ஆண்டுகளில் தனிச் சுற்றறிக்கையும் வரும். 2024-25 கல்வி ஆண்டுக்குச் செப்டம்பர் 30 வரை முழுத்தொகையும், அக்டோபர் 31 வரை ரூ.1,000க்கு மேல் பிடிக்காமலும் தரவேண்டும் என்று அறிவித்தார்கள். அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கையைப் பாருங்கள்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே 2018 அறிவிப்பில் உள்ளது. விலகும் மாணவரிடம் மீதி ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்கக் கூடாது என்பது தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. கல்லூரி மறுத்தால் சண்டை போடவேண்டாம். எழுத்துமூலம் விண்ணப்பித்து ஒப்புகை வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கவேண்டும். அதற்குமேல் பல்கலைக்கழகத்தின் ஓம்பட்ஸ்பர்சனிடம் முறையிடலாம்.

7. காகிதங்கள்

இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில், பாடத்திட்டத்தின் சான்றொப்பமிட்ட நகலும் பருவ மதிப்பெண் பட்டியல்களும் வாங்குங்கள். அவற்றைக் காட்டிப் புதிய கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் விண்ணப்பியுங்கள். அவர்கள் "சேர்த்துக்கொள்கிறோம்" என்று எழுத்தில் தந்தபின் பழைய கல்லூரியில் தடையின்மைச் சான்று கேளுங்கள். நூலகம், ஆய்வுக்கூடம், விடுதி பாக்கிகளைத் தீர்த்து ரசீது வாங்குங்கள். கட்டியிருந்த காப்புத்தொகையைத் திரும்பக் கேளுங்கள். கடைசியில் மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், பல்கலைக்கழகத்தின் இடப்பெயர்வுச் சான்றிதழ்.

புதிய இடம் உறுதியாகும் முன்பே கோபத்தில் மாற்றுச் சான்றிதழை வாங்கிவிட்டால் பிள்ளை இரண்டு கல்லூரிக்கும் சொந்தமில்லாமல் நிற்கும். தண்டவாளத்தில் பாயிண்ட் முழுதாகத் திரும்பிப் பூட்டிக்கொண்ட பிறகே சிக்னல் விழும்படி அமைத்திருப்பது காரணத்தோடுதான்.

8. பிள்ளையோடு பேசுவது

கணக்கை மறைத்து வைத்துவிட்டு, ஒருநாள் திடீரென்று "மூட்டையைக் கட்டிக்கொண்டு வா" என்றால் பிள்ளை நொறுங்கிப்போகும். தான் சரியாகப் படிக்காததற்குத் தண்டனை என்றே நினைக்கும். வீட்டு வரவுசெலவு நோட்டைத் திறந்து காட்டுங்கள். பதினெட்டு வயதான பிள்ளைக்கு அப்பாவின் சம்பளமும் கடனும் தெரியலாம். "உன்னால் இந்த நிலை வரவில்லை, எப்படி வெளியே வருவது என்று நாம் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். விண்ணப்பத்தைப் பிள்ளையே நிரப்பட்டும், அலுவலகத்தில் பிள்ளையே பேசட்டும். நீங்கள் கூட நில்லுங்கள். முடிவில் அதற்கும் பங்கு இருந்தால், புதிய கல்லூரியின் முதல் நாள் கசக்காது.

நண்பர்களைப் பிரியும் துக்கம் உண்மையானது. அதைச் சில்லறை விஷயமாகப் பேசாதீர்கள். 1-க்கு 12 அமைப்பிலுள்ள பாயிண்டில் வண்டி திரும்பும்போது பொதுவாக 30 கிலோமீட்டருக்கு மேல் போக அனுமதியில்லை. மெயின் லைனில் எத்தனை வேகத்தில் வந்த வண்டியாக இருந்தாலும் அங்கே நிதானிக்கத்தான் வேண்டும். முதல் பருவத்தில் மதிப்பெண் கொஞ்சம் இறங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்து அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பொங்கல் விழாவிலும் நவராத்திரி கொலுவிலும் நாம் முதலில் கேட்பது "பையன் எங்கே படிக்கிறான்?" என்பதுதான். ஊரிலிருந்து திரும்பி வந்த பிள்ளையைப் பார்த்தால், "ஏன், அங்கே என்ன ஆச்சு?" என்று அடுத்த கேள்வி வருகிறது. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து எத்தனை தாய்மார்கள் தாலிக்கொடியை அடகு வைத்திருப்பார்கள்! அதை விட்டுவிட்டு, "இங்கே வந்துவிட்டாயா, நல்லதாயிற்று. புத்தகம் ஏதாவது வேண்டுமா?" என்று கேட்கலாமே.

பயிற்சி

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் இப்போதைய கல்லூரி, வலப்பக்கம் மாறக்கூடிய கல்லூரி. கீழ்க்கண்டவற்றுக்குப் பிள்ளையோடு உட்கார்ந்து விடை எழுதுங்கள்.

அ. இனிமேல் ஆகும் மொத்தச் செலவு எவ்வளவு?
ஆ. அதில் கடன் எவ்வளவு? மாதத் தவணை எவ்வளவு? யார் கட்டுவது?
இ. வருஷம் வீணாகுமா? விட்டுப்போன பாடங்கள் எத்தனை?
ஈ. பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? அங்கீகாரம் உண்டா?
உ. அடுத்த கட்டணத்தின் கடைசித் தேதி எது? அதற்கு எத்தனை நாள் இருக்கிறது?

முதலாண்டுக்குக் கட்டிய தொகையை இரண்டு பக்கத்திலும் எழுதவேண்டாம். கணக்குப் போட்ட பிறகு இடப்பக்கமே சரி என்று வந்தாலும் நல்லதுதான். இனி அந்தக் கட்டணத்தைத் தெரிந்து கட்டுவீர்கள்.